நாரை மட்டும் தெளிவாக விழுந்த படம்

சித்தியின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சித்தி அம்மாவின் தங்கை. இரத்தோட்டையில், தோட்டத் தொழிலாளருக்கான எங்கள் லயத்துக் காம்பராவில் எங்களோடுதான் இருந்தாள். மாத்தளை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பாள், லெமினேட் போடுவாள். வில்கமுவப் பக்கம் பறவைகளை எடுக்கவேண்டும் என்று முதலாளியின் பழைய கேமராவை ஒரு பௌர்ணமிப் போயா லீவுக்கு இரவல் கேட்டு வைத்திருந்தாள். அதே கிழமை அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, யட்டவத்தையில் ஒரு சம்பந்தம் பார்த்துக்கொண்டு வந்தார். பெண்ணின் படம் அனுப்பினால் மற்றதைப் பேசலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்களாம்.

சேலை கட்டி நிற்கவே மாட்டேன் என்று இரண்டு நாள் முரண்டு பிடித்த சித்தி, மூன்றாம் நாள், “வில்கமுவைக்குக் கூட்டிட்டுப் போங்க, நிக்கிறேன்” என்றாள். பெரியப்பாவுக்கும் அது பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளை யாருடைய காரிலோ சாய்ந்து நின்று படம் அனுப்பியிருந்தார். அந்தக் காரை வெல்ல இயற்கைக் காட்சிதான் சரி என்பது பெரியப்பாவின் கணக்கு.

விடிவதற்கு முன்பே பெரியப்பாவின் த்ரீவீலில் புறப்பட்டோம். அம்மாவின் மடியில் தூங்கிப்போனவன் கண் விழித்தபோது, நாங்கள் ஏதோ வெள்ளைக்குள் நின்றுகொண்டிருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக அந்த வெள்ளை கரைந்து புல்லாயிற்று. புல்லுக்குள் தண்ணீர் இருந்தது, தண்ணீருக்குள் வானம். மலைச்சரிவிலேயே வளர்ந்த எனக்கு அவ்வளவு சமமான நிலம் பூமியில் உண்டென்றே தெரியாது. தூரத்தில் எருமைகள் பாதி உடம்போடு மிதந்தன. சித்தி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். குனிவாள், அசையாமல் நிற்பாள், ஒரு சின்ன ‘டிக்’ கேட்கும். மறுபடியும் அமைதி. சத்தமாக மூச்சுவிட்டால் அந்த இடமே கலைந்துவிடும் போலிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ.

“போதும் புள்ள, வந்து நில்லு. பொழுது சாஞ்சா யானை வந்துரும்” என்று பெரியப்பா கத்தியதில் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. ஒரே ஒரு நாரை மட்டும் போகவில்லை. மஞ்சள் மூக்கும், வால்பக்கம் ரோஜா நிறமுமாக, தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்றது.

பெரியப்பா ஐஸ்மீன் பெட்டியின் வெள்ளை ரெஜிபோம் மூடியைக் கையோடு கொண்டு வந்திருந்தார். கல்யாண வீடுகளில் பார்த்து வைத்த வித்தை. அதை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, “மொகம் வெளுப்பா விழணும்” என்றார்.

“மீன் வாடையும் சேந்து விழப்போவுது மாமா” என்றாள் சித்தி.

அம்மா சித்தியின் சேலையை இறக்கி, கொசுவத்தைச் சரி பண்ணினாள். கை சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான். சித்தி கேமராவை நாரைப் பக்கம் பிடித்து, முன்னாலிருந்த வளையத்தை மெதுவாகத் திருப்பி, என் கழுத்தில் மாட்டினாள். “நீ ஒண்ணையும் தொடாத. பட்டன மட்டும் அமுக்கு.” பிறகு எனக்கு மிகவும் கிட்ட வந்து நின்றாள். கேமராவுக்குள் அவள் நீலப் புகையாகத்தான் தெரிந்தாள். படம் விழும்போது சரியாகிவிடும் என்று நினைத்து நாலு தரம் அமுக்கினேன்.

சரியாகவில்லை. நாரையின் இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம். மூக்கு நுனியில் சொட்டும் தண்ணீரும் தெரிந்தது. சித்திக்கு மட்டும் கண்ணுமில்லை மூக்குமில்லை.

“என்னாடா இது? பொண்ணு பேயாட்டம் நிக்கிது!” பெரியப்பா என் தலையில் நறுக்கென்று குட்டினார். “இன்னொண்ணு எடு.”

அம்மா கேமராவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். சித்தி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேட்டரி முடிஞ்சி போச்சே மாமா” என்றாள் அம்மா.

“இல்லம்மா, இன்னும் ரெண்டு கோடு…” என்று நான் தொடங்குவதற்குள் அம்மா திணித்த பாதி ரொட்டி என் வாயை அடைத்துவிட்டது.

படம் போகாததால் பேச்சும் போகவில்லை. அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்ததாகக் கேள்விப்பட்டோம். “இந்தப் பயல் கெடுத்தான்” என்று பெரியப்பா தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிக்காட்டுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். யாரும் என் பக்கம் பேசவில்லை. பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக ஒரு கேமராவைக் கையில் எடுத்து அந்த வளையத்தைத் திருப்பி, தூரத்தில் இருப்பது தெளிந்தால் கிட்ட இருப்பது கலங்கிப்போகும் என்று கண்ட பிறகுதான் என் தலை நிமிர்ந்தது.

ஆனால் படம் எடுத்த அன்றைக்கு எனக்கு வேறொரு கவலை இருந்தது. அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதனால்தான் பேட்டரி விஷயத்தில் ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். வீடு வந்ததும் என் கொப்பியில் ஒரு பேட்டரி வரைந்து, மூன்று கோடு என்றால் நிறைய, இரண்டு என்றால் பாதிக்கு மேல், ஒன்று சிவந்தால்தான் முடியப்போகிறது என்று விளக்கினேன். அவள் அடுப்பை ஊதுவதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாக விரல் வைத்துக் கேட்டாள்.

“அப்படியாடா? எனக்கு வெளங்காமப் போச்சே” என்றாள்.

வாசலில் சேலை மடித்துக்கொண்டிருந்த சித்தி ஏன் திடீரென்று முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. பாடம் நடக்கும்போது சிரிக்கக் கூடாது என்று மட்டும் அதட்டினேன்.