பிந்தி வந்த சத்தம்

பிள்ளைகளா, நான் படித்தது எட்டாவது வரைதான். எழுத்தில் தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

புதுப்பட்டினத்தில் நான் கேபிள் டிவிக்காரன். அந்த வருஷம் மார்க்கெட் முனையில் இரண்டு போன் கம்பெனிகள் எதிரும் புதிருமாகக் குடை போட்டு சிம் விற்றன. தன் சிம் வாங்கினால் எல்லா சேனலும் போனிலேயே இலவசம் என்றான் ஒருவன். மறுநாளே எதிர்க்குடைக்காரன் கிரிக்கெட்டும் இலவசம் என்றான். அவர்கள் போட்டியில் நான் வீடுகளில் வைத்த கேபிள் பாக்ஸ்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

நம் தெருவில் டீக்கடைக்காரர் கேபிளைக் கழற்றினால் எல்லோரும் கழற்றிவிடுவார்கள். அவரும் ஒருநாள் சொல்லிவிட்டார்.

"ஃபைனல் மட்டும் பாத்துக்கிறேன் அண்ணாத்த. அப்பால ஒயர கயட்டிக்கினு போயிடு."

"போன்ல பாத்தா கண்ணு கெட்டுடும்பா."

"அத்த வுடு. உன் வூட்ல புள்ளைங்க எதுல பாக்குதுங்க?"

"கேபிள்லதான், பின்ன?" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஃபைனல் அன்று சாயங்காலம், லைனில் ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று கடைக்குப் பக்கத்துக் கம்பத்தடியிலேயே நின்றேன். விக்கெட் விழுந்ததும் கடை அலறியது. எதிரே பைக்கில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள்.

"இன்னாபா ஆச்சு? இங்க இன்னும் பாலே போடல!"

"அவுட்டு மச்சான்! உன் போனுக்கு நாளைக்கி வரும்!"

போனில் படம் அரை நிமிஷம் பிந்தி வந்தது. எல்லாம் முன்னாலேயே தெரிந்துபோகிறதே என்று பேஜாராகி, அவர்களும் கடைக்குள் வந்து நின்றார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒயரு இருக்கட்டும்பா."

உங்களிடம் சொல்ல ஓடி வந்தேன். முதலில் கத்துவது என் லைன் வீடு, பிந்திக் கத்துவது கம்பெனி வீடு என்று வழியெல்லாம் காதாலேயே கணக்கு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது பக்கத்து வீடுகள் "சிக்ஸ்!" என்று கத்தின. நம் வீட்டில் சத்தமே இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன்; விளக்கு எரிந்தது. லைன்தான் போச்சு என்று செருப்பை மறுபடி மாட்டினேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து நீங்கள் இரண்டு பேரும் கத்தினீர்கள்.

நான் உள்ளே வரவில்லை.

மறுநாள் காலையில் டீக்கடைக்காரரிடம் போனேன். "என் வூட்லயும் போன்தான்பா. உன்கிட்ட சொன்னது தப்பு" என்றேன்.

"தெரியும் அண்ணாத்த. உன் பொண்ணு குடையாண்ட சிம்மு வாங்கிக்கினு இருந்தப்போ, பின்னாடி நாந்தான் நின்னுகினு இருந்தேன்."

ஒயர் இன்னும் அவர் கடையில்தான் இருக்கிறது. உங்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் மேட்ச் நாளில் தெரு கத்தினால், நம் வீடு எப்போது கத்தும் என்று இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.