எண்ணெய்த் தட்டும் கடப்பாரையும்

சன்னிவேலில் எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்தெருவில் ஒரு சனிக்கிழமை வீட்டுப் பழைய சாமான்களை விற்கும் கராஜ் சேல் போட்டிருந்தார்கள். மேஜை விளக்கு தேடிப் போன நான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் அகலமான இரும்புத் தட்டு, வாளியின் வாயில் கச்சிதமாக உட்காரும் சல்லடை, குட்டைப் பிடி போட்ட கொத்து, நுனி வளைந்த ஒரு முழக் கம்பி, ரப்பர் குமிழ் வைத்த குப்பி எல்லாம் கிடந்தன. விற்ற அம்மாளிடம் கேட்டேன். தன் தகப்பனார் ஆற்றில் தங்கம் அரிக்க வைத்திருந்த சாமான்கள் என்றார்.

என் கணவர் வாளியைப் பார்த்துவிட்டு, "இத எதுக்கு வாங்கின? அபார்ட்மென்ட்ல வைக்க இடம் எங்க இருக்கு?" என்றார்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அது. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து மூன்று வருஷம் பம்பு கம்பெனியில் வேலை பார்த்தவள் நான். இங்கே டிபென்டன்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது. கையில் கிடைத்த எதையும் கழற்றிப் பார்க்கும் நிலைமையில் இருந்தேன். தட்டைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, ஊரில் அரிசியில் கல் அரிக்கும் சட்டியின் வேலைதான் இது. தண்ணீரில் ஆட்டினால் லேசானது வெளியே போகும், கனமானது அடியில் தங்கும். அரிசிக்குக் கல்லைத் தள்ளிவிடுவோம். இங்கே அடியில் தங்குவதுதான் வேண்டும்.

சியரா மலையடிவாரத்தில், பொதுமக்கள் கைக்கருவிகளால் தங்கம் தேடலாம் என்று அனுமதித்திருந்த ஓர் ஆற்றுப் பகுதிக்குப் போனோம். மூன்று மணி நேர டிரைவ். அவர் காரில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் முழங்கால் தண்ணீரில் நின்று, சரளையைச் சல்லடையில் கொட்டி, தட்டில் ஆட்டினேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. ஐந்து சனிக்கிழமை இப்படிப் போனது. கடைசியில் தட்டில் கறுப்பு மணல் தங்கும், மஞ்சளாக ஒன்றும் இருக்காது.

"போதுமா?" என்பார் அவர், ஒவ்வொரு வாரமும்.

ஆறாவது வாரம் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் என் தட்டை எட்டிப் பார்த்தாள். மெக்சிகோ பக்கத்துக் குடும்பம், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், என் வயதுதான் இருக்கும். குழந்தைத் தொட்டில் போல ஆட்டுகிற ஒரு மரப்பெட்டியைத் தானே செய்து வைத்திருந்தாள். அதில் ஒரு பக்கம் சரளையைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆட்டினால் மணல் கழுவிப் போய்விடும். அவள் என் தட்டில் விரலை வைத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்தாள்.

இது என்ன எண்ணெய் என்று கேட்டாள்.

தேங்காய் எண்ணெய் என்றேன். துருப் பிடிக்காமலிருக்க ஒவ்வொரு வாரமும் துடைத்துப் பூசி வைத்திருந்தேன். தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி.

அவள் சிரித்த சிரிப்பில் அக்கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தூள் தங்கம் எண்ணெய் பட்டால் முழுகாதாம். தண்ணீர் மேல் மிதந்து, மணலோடு போய்விடுமாம். ஐந்து வாரமும் வந்த தங்கத்தை நானே ஆற்றுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அபார்ட்மென்ட் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பார்பெக்யூ அடுப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை அதில் கரி போட்டு, எண்ணெய்ப் பசை எரிந்துபோய்த் தட்டு நீலம் பாரிக்கும் வரை காய்ச்சினேன். அடுத்த வாரம் இரண்டாவது தட்டுச் சரளையிலேயே, கறுப்பு மணலின் ஓரத்தில் மூன்று மஞ்சள் துணுக்குகள் நின்றன. கடுகில் பாதிகூட இல்லை. குப்பியின் குமிழை அழுத்தி ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தேன்.

காரிலிருந்து இறங்கி வந்து பார்த்தவர் வெகுநேரம் குப்பியை வெயிலில் திருப்பிக்கொண்டிருந்தார். "நெஜமாவே கோல்டா?" என்று மூன்று தடவை கேட்டார். அதற்குப் பிறகு ஆபீசில் உட்கார்ந்து இன்டர்நெட்டில் படித்து, பெரிய பாறைகளுக்கு அடியில்தான் தங்கம் தேங்கும் என்று கண்டுபிடித்து, ஹார்ட்வேர் கடையில் ஆள் உயரக் கடப்பாரை ஒன்று வாங்கினார். அது எங்கள் காருக்குள் குறுக்காகத்தான் போனது.

அடுத்த சனிக்கிழமை அவர்தான் முதலில் தண்ணீரில் இறங்கினார். ஒரு பெரிய பாறையைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழ்ப்பக்கச் சரளையைத் தோண்டித் தோண்டி வெளியே போட்டார். அடி காலியானால் பாறை உட்காரும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுப்பதற்குள் அது உட்கார்ந்தது.

"அய்யோ, கால்! காலு மாட்டிக்கிச்சு!"

வலது கால், கணுக்கால் வரை அடியில். நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் கத்தினார், கால் அசையவில்லை. நெம்புகோல் கணக்கெல்லாம் கல்லூரியில் எத்தனையோ போட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு வரி ஞாபகம் வரவில்லை. தப்பான பக்கம் நெம்பினால் பாறை அவர் மேலேயே உருளும் என்ற பயம் மட்டும் இருந்தது.

பஸ்காரப் பெண் தொட்டில் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். இருவரும் ஒரு தட்டைக் கல்லை உருட்டி வந்து பாறையை ஒட்டி முட்டாக வைத்தோம். அதன் மேல் கடப்பாரையை வைத்து, நுனியைப் பாறைக்கு அடியில் செருகி, என் முழு எடையையும் போட்டேன். பாறை ஒரு விரற்கடை எழும்பியது. அவள் சட்டென்று இடுக்கில் கல்லைச் செருகினாள். மறுபடி நெம்பினேன், அவள் இன்னொரு கல்லைச் செருகினாள். மூன்றாவது முறை, "இழுங்க, இழுங்க!" என்று கத்தினேன். கால் வெளியே வந்தது. ஷூ உள்ளேயே நின்றுவிட்டது.

கரையில் உட்கார்ந்து காலைப் பார்த்தார். நிறம் மாறிக்கொண்டிருந்தது. "உனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார் என்னிடம். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பஸ்காரப் பெண்தான் எங்கள் காரை ஓட்டிவந்து பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் விட்டாள், பின்னாலேயே வந்த ஆற்றங்கரை ஆள் ஒருவர் அவளைத் திரும்பக் கூட்டிப்போனார். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு. கட்டுப் போட்டு, வலிக்கு மாத்திரை கொடுத்து, ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து கார் பக்கத்தில் நின்றபோதுதான் இனி நான்தான் ஓட்ட வேண்டும் என்பது இருவருக்கும் உறைத்தது. லைசென்ஸ் எடுத்திருந்தேனே தவிர, மளிகைக் கடைக்கும் லைப்ரரிக்கும் மேல் நான் ஓட்டியதில்லை. ஃப்ரீவேயில் ஏறினதே இல்லை.

"ரைட் லேன்லயே போ. யாரு ஹார்ன் அடிச்சாலும் கண்டுக்காத," என்றார்.

கொஞ்ச தூரம், ஓடும் வண்டிகளின் வரிசைக்குள் நுழைய வேண்டிய இடங்களில், "மெர்ஜ் பண்ணு, இப்ப பண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சாக்ரமென்டோ தாண்டியதும் மாத்திரை வேலை செய்து தூங்கிவிட்டார். நான் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, லாரிகளுக்குப் பின்னாலேயே ஓட்டினேன். மூன்று மணி நேர வழிக்கு ஐந்து மணி நேரம் ஆனது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது கோடை வெளிச்சம் இன்னும் இருந்தது. என் விரல்களை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கத்தான் சிரமப்பட்டேன்.

அந்த ஆறு வாரமும் அவரை ஆபீசுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தது நான்தான். நூற்றியொன்றாம் நம்பர் ஃப்ரீவேயின் காலை நெரிசல் எனக்குப் பழகிவிட்டது. அவர் கால் சரியான பிறகும் ஆற்றுக்குப் போகும் நாட்களில் சாவி என்னிடம்தான் இருந்தது. தண்ணீரில் அவருக்குக் கொடுத்த வேலை சரளை வாளியைத் தூக்கி வருவது. பாறைகளுக்குப் பக்கத்தில் போக விடவில்லை.