மச்சான் என்று கூப்பிட்டால் யார் வருவது?

கௌபாவுக்கு ஒரு கேள்வி மண்டையில் ஏறிவிட்டால் சாமானியத்தில் இறங்காது. மலையூரான சுவாவேயிலிருந்து கோரோக்கா டவுனுக்கு வேன் ஓட்டுகிறவன். ஓட்டும்போதும் பின்னால் திரும்பித் திரும்பி ஏதாவது கேட்பான். "முன்னாடி பாத்து ஓட்டுய்யா, எங்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருக்கு" என்று ஜனங்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அந்த வருஷம் அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான். முதல் பாதியில் எவனையும் துவைத்து எடுக்கிற நம்ம ஊர் ரக்பி அணி, கடைசிப் பத்து நிமிஷத்தில் மட்டும் ஏன் பந்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறது?

சூனியம் என்றார்கள். கிழங்கை வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் அப்படித்தான் என்றார்கள். பன்றிக்கறி போதவில்லை என்றான் ஒருவன். அவனுக்கு எதற்குமே பன்றிக்கறி போதாது. ஆனால் நிறையப் பேர் சொன்ன காரணம் வேமின்.

வேமின், கௌபாவின் மனைவி ரெஜினாவுக்குத் தம்பி. பிடிபட்டு விழுந்தவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டினால், பின்னால் நின்று அதை அள்ளுவது அவன் வேலை. போன வருஷ இறுதி ஆட்டத்தில், அதே அணியில் ஆடுகிற கௌபாதான் விழுந்தான், எழுந்தான், உருட்டினான். பின்னால் ஆளில்லை. பந்து புல்லில் அநாதையாகக் கிடந்தது, எதிரணி பாய்ந்து அமுக்கிக்கொண்டது. வேமின் பத்தடி தள்ளி, முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிரட்டும்" என்று புது வருஷப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டான் அணியைப் பழக்குகிற லூகாஸ்.

ரெஜினா அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. "என் தம்பிய ஊரே வையுது. நீ கல்லுத்தூணாட்டம் நிக்கிற."

"நான் கூப்பிட்டேனேடி. அவன் வரலைன்னா நான் என்ன பண்ண?"

"என்னன்னு கூப்பிட்ட?"

"மச்சான்னுதான். வேற எப்படிக் கூப்பிடுறது?"

சொல்லி முடிக்கும்போதே அவனுக்குப் பொறி தட்டியது.

அந்த ஊர் வழக்கத்தில் மச்சினன் பேரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னவன் ஒரு பன்றியை ஓட்டிக்கொண்டு போய் மாமியார் வாசலில் நிற்க வேண்டும். அதற்கப்புறமும் அந்த அம்மாள் முகம் கொடுப்பாளா என்பது சந்தேகம். அணியிலோ பாதிப் பேர் இந்த ஊரில் பெண் எடுத்தவர்கள், மீதிப் பாதி பெண் கொடுத்தவர்கள். மைதானம் முழுக்க மச்சான் மச்சான் என்றுதான் கேட்கும். உடம்பில் தெம்பு இருக்கிறவரை பிரச்சினையில்லை, கூப்பிடுகிறவன் கையை நீட்டுவான், கண்ணைக் காட்டுவான். நாக்குத் தள்ளியபின் எவனுக்குக் கை தூக்க முடிகிறது? ஒருவன் மச்சான் என்பான். ஐந்து பேர் காதில் விழும். ஐந்து பேரும் மற்றவனைத்தான் என்று நின்றுவிடுவார்கள்.

சந்தேகம் தீர, கௌபா அணியை மலைச்சரிவில் மேலும் கீழும் ஓடவிட்டான். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். அப்போது "மச்சான்" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தான். ஒருத்தன் திரும்ப வேண்டுமே. கௌபாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து, "இவனுக்குக் கழண்டுருச்சு" என்றான் லூகாஸ்.

இனி சட்டை நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. வேமின் ஒன்பது. செய்தி மாமியாருக்குப் போனது. மருமகனோடு நேரே பேசுகிற வழக்கம் கிடையாது. அவன் காதில் விழும்படி மகளிடம் கேட்டாள். "ஏண்டி, எம்மவன் என்ன ஜெயில்லயா இருக்கான், நம்பர் போட்டுக் கூப்பிட?"

அந்த வருஷமும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். மழை பெய்து மைதானம் சேறாகக் கிடந்தது. முடிய இரண்டு நிமிஷம், நம்ம அணிக்கு இரண்டே புள்ளி முன்னிலை. சொந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கௌபா பந்தோடு விழுந்தான். மேலே மூன்று பேர். விலா விண்விண்ணென்று தெறிக்க எழுந்து, பந்தைக் காலடியில் வைத்தான். ஓரக்கண்ணில் வேமின் தெரிந்தான். அதே பத்தடி, அதே முட்டி, அதே குனிந்த தலை.

"ஒன்பது" என்று கத்தினான். அசைவில்லை. "ஒன்பது!" நடுவர் சீக்கிரம் என்கிறார். இங்கே பந்து போனால் ஆட்டம் போச்சு, மச்சானுக்குச் சட்டையும் போச்சு.

"வேமின்!"

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கப்சிப்பென்று ஆனது. வேமின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. விழுந்தடித்து ஓடிவந்து, உருண்ட பந்தை அள்ளி, மறுகோடிக்கு உதைத்தான். அதற்குப்பின் பந்து இந்தப் பக்கம் வரவேயில்லை.

ஊரே குதித்தது. கௌபா சேற்றில் உட்கார்ந்துவிட்டான். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவனுக்கே நம்ப முடியவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது. மாமியார் அப்போதே எழுந்து போய்விட்டிருந்தாள். ரெஜினா வந்து குரலைத் தாழ்த்தி, "பெரிய பன்னியத்தான் குடுக்கணும், தெரியும்ல?" என்றாள். தலையாட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து வேமின் வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தான்.  ஆனால் கௌபாவால் கேட்காமல் இருக்க முடியுமா?

"ரெண்டு தடவை ஒன்பதுன்னு கத்துனேனே மச்சான். கேக்கலையா?"

"கேட்டுச்சு. நீ வேற எவனையோ கூப்பிடுறேன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

வேமின் காலில் அப்பியிருந்த சேற்றை வழித்துப் போட்டான்.

"அப்புறம் எங்கம்மா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அதான் ஓடியாந்தேன்."