சிவசங்கரி போடச் சொன்ன கேள்விக்குறி

விருத்தாசலத்தில் மின்கம்பங்களுக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் சிவசங்கரிக்குக் கம்ப்யூட்டர் வேலை. பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். சூளையில் ஒவ்வொரு சோதனைக்கும் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எத்தனை உருப்படி வெடித்தது என்று மூன்று வருஷமாக ஏற்றி வைத்திருந்தாள்.

அன்று காலை மேனேஜர் நந்தகுமார் வேண்டாத ஃபைல்களை அழிக்க உட்கார்ந்தார். டெஸ்ட்1 முதல் டெஸ்ட்9 வரை ஒன்பதே ஒன்பது. ஒவ்வொன்றாக அழிக்கச் சோம்பல்பட்டு, அழிக்கும் கட்டளையில் 'டெஸ்ட்' என்று அடித்து, ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி போட்டார்.

"சார், ஸ்டாரு வேணாங்க. டெஸ்ட்டுன்னு ஆரம்பிக்கிற எல்லாத்தையும் புடிச்சிக்கும். சூளைக் குறிப்பெல்லாம் டெஸ்ட்சூளைன்னுதான் இருக்குது. கேள்விக்குறி போடுங்க, ஒரே ஒரு எழுத்ததான் புடிக்கும். இல்லன்னா மொதல்ல லிஸ்ட் எடுத்துப் பாருங்க" என்றாள் சிவசங்கரி.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று என்டரைத் தட்டிவிட்டு எழுந்து போனார். மூன்று வருஷக் குறிப்பும் போயே போய்விட்டது.

மதியம் முதலாளி பானுமதி வந்து கேட்டபோது நந்தகுமார் கூசாமல் சொன்னார்: "இந்தப் பொண்ணு பேரு வச்ச லட்சணம் மேடம். ஒழுங்கா வச்சிருந்தா இப்புடி ஆயிருக்குமா?"

சிவசங்கரி எழுந்தாள். அடித்த கட்டளைகள் வரிசையாகப் பதிவாகியிருந்த திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். நந்தகுமார் பெயர், 10.12 மணி, அந்த நட்சத்திரம்.

பானுமதி பார்த்தார். "சரி வுடுங்க. ரெண்டு பேரும் இனிமே பாத்து நடந்துக்கங்க."

"ரெண்டு பேருமா? வேணாம்னு சொன்னவளும் அழிச்சவரும் ஒண்ணாங்க மேடம்? இனிமே இவரு அழிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா இப்பவே கெளம்புறேன்."

பானுமதி எழுதிக் கொடுத்தார். நந்தகுமார் மட்டும் மன்னிப்பென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சூளையில் வேலை செய்யும் பாஞ்சாலை, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் பென்சிலால் அதே சூளைக் கணக்கைக் குறித்து வைத்திருந்தார். அதிலும் ஒரு வருஷத்துக்குத்தான் இருந்தது. சிவசங்கரி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்து அதை ஏற்றினாள்.

"இன்னும் முடியலையா?" என்றார் நந்தகுமார், நடுவில் ஒருநாள் கடந்து போகையில்.

அவள் திரும்பவில்லை. "என்டரு தட்டுனா அழிஞ்சிடும் சார். மறுபடி தட்டுனா திரும்பி வந்துடாது, ஒவ்வொண்ணாத்தான் ஏத்தணும்."