தீக்குச்சி குத்திய சாக்கெட்

இன்று காலை காசிமேட்டில் ஒரு இரும்புப் படகுக்குத் துரு எடுக்கப் போயிருந்தேன்.

கிரைண்டிங் மெஷினைக் கையில் எடுத்ததும் வயரைப் பார்த்தேன். முனையில் பிளக்கே இல்லை. இரண்டு வயரைச் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சியால் இறுக்கி வைத்திருந்தார் மேஸ்திரி. மூன்றாவதான எர்த் வயர் சும்மா தொங்கியது. படகுக்குள் கணுக்கால் அளவுக்கு உப்புத் தண்ணீர்.

"பிளக் மாட்டுங்கண்ணே. அதுவரைக்கும் நான் இறங்க மாட்டேன்" என்றேன்.

"நீ பொம்பளதானே, அதான் பயப்படுற. இருவது வருசமா இப்டித்தான் ஓடிக்கினு கீது. எவனுக்கு இன்னா ஆச்சு?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மெஷினை அவரிடமே நீட்டினேன்.

"அப்ப நீயே புடி நைனா. செருப்பக் கழட்டிட்டுத் தண்ணில நில்லு. நான் போய் சுவிட்சு போடறேன்."

மெஷினைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். கை மட்டும் நீளவில்லை.

"டீ குடிச்சிட்டு வரேன்" என்று கிளம்பினார்.

திரும்பி வந்தபோது சட்டைப்பையில் புது மூணு பின் பிளக் இருந்தது. எர்த்தையும் சேர்த்து மாட்டி, தண்ணீரை இறைத்துக் காயவிட்ட பிறகுதான் இறங்கினேன்.

"பயந்துகினு வாங்கல, தெரிஞ்சிக்கோ" என்றார்.

சேச்சே, அவராவது பயப்படுவதாவது!

சரி, உங்கள் மேஸ்திரிக்கு எத்தனை வருட தீக்குச்சி அனுபவம்?