கஹ்லிசோவின் என்ஜின்

மொகோட்லோங் மலைப்பாதைகளில் ரத்தக் குப்பிகளை ஆபீஸ் கொடுத்த டர்ட் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒரே பெண் கஹ்லிசோ. ஆற்றிலும் புழுதியிலும் ஏறி இறங்கும் வண்டிக்கு ஆயில் சீக்கிரம் கெட்டுவிடும். கல்யாணத்துக்கு முன்பு, மாதம் தவறாமல் தானே ஆயில் மாற்றுவாள். காற்று வடிகட்டியைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் சாப்பாடு.

கல்யாணமானதும் மாமியார் தடுத்தாள்.

"நீளப் பாவாடையும் போர்வையுமா இருக்கவேண்டிய புது மருமக, வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தா ஊரு என்னம்மா பேசும்?"

வாடகை வேன் ஓட்டும் கணவன் மொட்லாட்சி, "நான் எதுக்கு இருக்கேன்? குடு இங்க" என்று ஆயில் டப்பாவை வாங்கிக்கொண்டான். ஆபீசில் கொடுக்கும் டப்பாவை அன்றிலிருந்து மாதாமாதம் அவனிடமே கொடுத்தாள். இப்படியொரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று பூரித்துப்போனாள்.

ஒருநாள் ஏற்றத்தில் என்ஜின் இறுகி நின்றது. பின்னால் வந்த, அவளோடு வேலை செய்யும் தேஃபோ, ஆயில் வடிக்கும் அடி நட்டைக் கழற்றிப் பார்த்தான்.

"அக்கா, இது ஆயிலா, தாரா? ரோடே போடலாம் போல."

"போன வாரம்தான்டா வீட்டுக்காரரு மாத்துனாரு. காலி டப்பாவக் கண்ணால பார்த்தேன்."

"டப்பா காலியானதப் பார்த்தே. எதுல ஊத்துனாருன்னு பார்த்தியா?"

தேஃபோ ரத்தப்பெட்டியை வாங்கிக்கொண்டு போனான்.

ஆபீசில் மேலாளரம்மா ஒன்றுதான் கேட்டாள்: "வண்டிய உன்ன நம்பிக் குடுத்தோமா, உன் வீட்டுக்காரர நம்பியா?" பராமரிக்காமல் என்ஜினைக் கெடுத்தவருக்கு மறுபடி வண்டி கிடையாது. சாவியை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் மொட்லாட்சி வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆயில எதுல ஊத்துனீங்க?"

"வேன்லதான்." சிரித்தான். "உன் வண்டிக்கு எப்பப் பாரு என்ன அவ்வளவு தாகம்?"

"இந்தத் தடவ மட்டுமா?"

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"என் வேலை போயிடுச்சு."

"நல்லதாப் போச்சு. இனிமே வீட்டோட இரு. அம்மாவும் அதத்தான் சொல்லிட்டு இருந்தாங்க."

கஹ்லிசோ திரும்பிப் பார்த்தாள். உள்ளே சோளக்களி கிண்டிக்கொண்டிருந்த மாமியாரின் கை ஒரு கணம் நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு இன்னும் வேகமாகக் கிண்டத் தொடங்கினாள்.