சீதனக் காணிக்கு வாங்கிய முகம்

எங்கள் ஊரில் என்னை "முகம் தைச்ச பொம்புள" என்று சொல்கிறார்களாம். சொல்லட்டும். தைப்பது என் தொழில். சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் எத்தனையோ பெண்களுக்குச் சட்டை தைத்திருக்கிறேன். யாருக்கு எங்கே இளக்கிக் கொடுத்தேன், யாருக்கு எங்கே பிடித்துக் கொடுத்தேன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. என் முகத்தைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதிலும் எனக்குப் பெரிய வருத்தமில்லை. இந்த வயதில் வடிவு பார்க்கிறாள் என்று சொல்லும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மகள் சுனாமியில் போனாள். கலியாணமாகிப் பல வருடங்கள் கழித்து, இனி இவளுக்குப் பிள்ளை இல்லை என்று சொந்தமெல்லாம் முடிவு கட்டிய பிறகு பிறந்த ஒரே பிள்ளை. பிறந்த அன்றே மருத்துவிச்சி தூக்கிக் காட்டி, "உம்மாவ அப்பிடியே உரிச்சி வெச்சிரிக்கி" என்றாள். கண்ணும் தாடையும் என்னுடையவை. வளர வளர அது கூடிக்கொண்டே போனது. "என்ட பங்குக்கு இதில ஒண்டும் இல்லையா?" என்று என் கணவர் அவளைக் கொஞ்சும்போது கேட்பார். அவருடைய காலின் சின்னவிரலைத் தவிர ஒன்றும் இல்லை என்று நான் சொல்வேன்.

கடல் வந்த காலையில் நானும் மகளும் கடற்கரையோரத்து வீட்டில் இருந்தோம். அவர் பஜாரில் துணிக்கடையில் இருந்தார். என்னை யாரோ இழுத்தெடுத்து அம்பாறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு நினைவு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. மகளைத் தேடிப் பிடித்ததும் அவர்தான், அன்று பின்னேரமே மையவாடியில் அடக்கம் செய்ததும் அவர்தான். அவளுடைய முகம் எப்படி இருந்தது என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் பயமாக இருந்தது. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று தள்ளிப்போட்டு, பிறகு கேட்கவே முடியாத ஒன்றாக அது ஆகிவிட்டது.

வீட்டோடு படங்களும் போய்விட்டன. அவள் படித்த பள்ளிக்கூடமும் கடலோரத்தில்தான் இருந்தது. சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் விசாரித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைப் படம் பிடித்து வைக்கும் வழக்கம் அப்போது குறைவு. கடைசியில் அக்கரைப்பற்றில் ஒரு கலியாண வீட்டு வீடியோ கசெட் அகப்பட்டது. அதில் அவள் வருகிறாள். கையில் பலகாரத் தட்டோடு பெண்கள் இருக்கும் பக்கம் ஓடுகிறாள். முதுகும் பின்னலும்தான் தெரிகின்றன. திரும்பிப் பார்க்கவேயில்லை. அதை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் அந்த வீட்டுக்காரி எழும்பிப்போய்ச் சமையலைத் தொடங்கிவிட்டாள்.

அவளுடைய முகம் மிஞ்சியிருந்த ஒரே இடம் என் முகம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூளை கலங்கிவிட்டது என்பார்கள். காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு, முக்காட்டை நெற்றியில் இறக்கி நரையை மறைத்து, நாடியைக் கொஞ்சம் தாழ்த்திக் கண்ணாடியைப் பார்ப்பேன். அவள் இருப்பாள். முழுதாக இல்லை. ஏதோ கேட்க வந்து நிற்கிறாற்போல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள். அது போதும் என்று அன்றைய நாளைத் தொடங்குவேன்.

வீடில்லாதவர்களுக்கென்று உள்ளே தள்ளிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றை எங்களுக்குத் தந்தார்கள். கணவர் காலையில் கடைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போய்விடுவார். வந்தால் பேச்சு சோறு, கறி, மின்சாரம், மழை அவ்வளவுதான். அவளுடைய பெயரை அவர் சொல்வதே இல்லை. நான் சொன்னால் எழும்பிப்போய் முகம் கழுவுவார். ஊரில் வேறு யாரிடமாவது பேசலாம் என்றால், பக்கத்து வீட்டில் மூன்று பேர் மௌத், எதிர்வீட்டில் அதற்கும் மேலே. நான் என் ஒன்றைக் கொண்டுபோய் யாரிடம் வைப்பது? தனிமை என்றால் ஆளில்லாமல் இருப்பது என்று நினைத்திருந்தேன். ஆட்கள் நிறைந்த வரிசையில்தான் அது எனக்கு என்னவென்று தெரிந்தது.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வீதியெல்லாம் சோதனை. ஒருநாள் நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது எல்லாரையும் இறக்கினார்கள். ஓர் ஆமிக்காரப் பெண் சுனாமிக்குப் பிறகு எடுத்த என் அடையாள அட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"கண் தொற," என்றாள், தெரிந்த தமிழில்.

"தொறந்துதான் இரிக்கி," என்றேன்.

அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப் பெண். போ என்று கையைக் காட்டினாள். பஸ்ஸில் ஏறியவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். இமை இரண்டும் தொங்கிக் கண்ணில் பாதியை மூடியிருந்தன. கன்னம் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. நாடியைத் தாழ்த்தினேன், முக்காட்டை இறக்கினேன். யாரும் வரவில்லை. எத்தனை நாளாக வராமல் இருந்தாளோ, பழக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றைக்கு அழுததை விட அன்று கூடுதலாக அழுதேன்.

யுத்தம் முடிந்தது. கொழும்புக்குப் போய்வருவது சுலபமானது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, இமை மறைக்கிறது என்று கண் டொக்டரிடம் காட்டினேன். பொய்யில்லை, அதுவும் இருந்தது. அவர் கொழும்பில் முகத்துக்கு ஒப்பரேஷன் செய்கிற ஒரு டொக்டரிடம் அனுப்பினார். கூட வந்தவள் என் மச்சி, கணவரின் தங்கை.

கொழும்பு டொக்டர் நன்றாகத் தமிழ் பேசினார். என் இமையை விரல்களால் பிடித்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். சீலை வாங்க வந்தவர் துணியைப் பிடித்துப் பார்ப்பதைப் போலத்தான் இருந்தது. இமையை மட்டும் எடுத்தால் கண் ஒரு வயதிலும் கன்னம் ஒரு வயதிலும் நிற்கும் என்றார். செய்வதானால் கன்னத்தையும் சேர்த்து உயர்த்திவிட வேண்டும், ஒரே மயக்கத்தில் இரண்டும் முடியும், ஒரே தடவையில் ஆறிவிடும் என்றார். அதன்பிறகு, "இளம் வயதுப் படம் இருந்தால் அடுத்த முறை கொண்டு வாருங்கள். பழைய முகத்தைப் பார்த்துச் செய்வது நல்லது," என்றார்.

"படமெல்லாம் கடல் கொண்டு போயிட்டு," என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "சரி, நீங்களே சொல்லுங்கள். முன்பு எப்படி இருந்தீர்கள்?"

நான் சொன்னேன். மேலிமையில் மெல்லிய ஒரு மடிப்பு, வெளி ஓரம் துளி சரிந்தது, தாடை காதிலிருந்து ஒரே கோடாக வந்து நாடியில் சின்னதாக முடியும். கன்னம் சிரித்தால்தான் தெரியும். டொக்டர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்த மச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது என்னையல்ல என்று அவளுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை.

மௌலவியிடம் கேட்டு வந்தவர் என் கணவர். "பார்வைக்கு இடைஞ்சலெண்டா கண்ணுக்குச் செய்யலாமாம். வடிவுக்கு முகத்த இழுக்கிறது கூடாதாம்," என்றார்.

"நான் வடிவுக்குச் செய்யல்ல."

"அப்ப என்னத்துக்கு புள்ள?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவர் எழும்பிப்போய் முகம் கழுவுவாரே என்று நினைத்து விழுங்கிவிட்டேன். "எனக்கு வேணும்," என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

நிந்தவூர்ப் பக்கத்தில் ஒரு வயற்காணி எனக்கு இருந்தது. உம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். மகள் பிறந்த நாளிலிருந்து அது அவளுடைய காணி என்றுதான் வீட்டில் சொல்வோம். அவளுக்குக் கொடுக்க வைத்திருந்ததை அவளுக்காகவே விற்றேன். மச்சிக்குக் கோபம். அவளுக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். "இந்த வயசில ஆருக்கு மச்சி முகம் காட்டப் போறீங்க? என்ட மகள்ட பேருக்கு எழுதியிருந்தா அவள் உங்களுக்குக் கடைசி வரைக்கும் சோறு தந்திருப்பாளே," என்றாள். அவள் கேட்டதில் பிழை இல்லை. அப்படிக் கேட்டுவிட்டும் கொழும்புக்கு என்னோடு வந்தாள், ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். மனம் பெரியவள்தான், வாய்தான் அதைவிடப் பெரியது.

ஒப்பரேஷன் காலையில் டொக்டர் முகத்தில் நீலப் பேனையால் கோடு போட்டார். இமை மடிப்பில் ஒன்று, காதின் முன்னால் இறங்கிப் பின்னால் வளைந்து முடிக்குள் போகிறது மற்றொன்று. சோக்கட்டியால் துணியில் நான் போடுகிற அதே வளைவு. வெட்டு காதோரத்தில் மறையும் என்றார். நல்ல தையல்காரர் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நினைவில்லை.

எழும்பியபோது தலையைச் சுற்றிக் கட்டு. கண் இரண்டும் வீங்கி, ஒரு கீற்று வெளிச்சம்தான். குனியக் கூடாது, சிரிக்கக் கூடாது, கடித்துச் சாப்பிடக் கூடாது. கஞ்சியை மச்சி கரண்டியால் ஊட்டினாள். "சிரிக்கப்படாதாம் மச்சி," என்று சொல்லிவிட்டு, மருந்து தர வருகிற கொழும்பு மிஸ்மார் நடக்கிற நடையைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலித்தது. இருந்தும் அந்த ஆஸ்பத்திரியில்தான் பல வருடங்களுக்குப் பிறகு என்னோடு ஒருவர் நாள் முழுவதும் இருந்தார்.

ஊருக்கு வந்தேன். கணவர் கண்ணுக்கு விடும் மருந்தை நேரம் தவறாமல் கொண்டுவந்து வைத்தார், முகத்தைப் பார்க்காமல். கன்றிப்போன நீலம் மஞ்சளாகி, மஞ்சள் மெல்ல மறைந்தது. கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல மரத்துக் கிடந்தது. வீக்கம் முழுதாக வற்றும்வரை கண்ணாடியைத் துணியால் மூடி வைத்தேன். பெருநாள் உடுப்பை ஒளித்து வைக்கிற பிள்ளையின் ஆசை எனக்கு.

பிறகு ஒரு காலையில் துணியை எடுத்தேன்.

நல்ல வேலை. டொக்டரைக் குறை சொல்ல முடியாது. கண் திறந்திருந்தது, தாடை கோடாக நின்றது. நாடியைத் தாழ்த்தினேன். புருவத்தை உயர்த்தினேன். அவள் சிரிப்பதைப் போலச் சிரித்தேன். கண்ணாடியில் இருந்தது நான்தான், பத்து வருடத்துக்கு முந்திய நான். தொழுகைக்குப் பின் பார்த்தேன், விளக்கை மாற்றி வைத்துப் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். நாட்கள் போயின. அவள் வரவில்லை. அவளுடைய காணியும் போய், அவளும் போய், எனக்கு என் முகம் மட்டும் மிஞ்சியது. என்னைப் போல ஒரு மடைச்சி இந்தக் கரையில் இல்லை என்று என்னையே ஏசினேன்.

ஒருநாள் பகல். அவர் கடையின் ஏதோ சாவியை வீட்டில் மறந்துவிட்டு, எடுக்க வந்திருக்கிறார். நான் தையல் மெஷினில் குனிந்திருந்தேன். நூல் நுனியை உதட்டில் பிடித்துக்கொண்டு, ஊசியைப் பார்த்தபடி, வந்தது யார் என்று நிமிர்ந்தேன். வாசலில் நின்றவர் அப்படியே நின்றார். கையை நிலையில் ஊன்றிக்கொண்டார். பிறகு மகளின் பெயரைச் சொன்னார்.

இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"எங்க?" என்றேன். "என்னத்தில தெரியுது?"

அவர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் எழும்பி ஓடிக் கண்ணாடியை எடுத்தேன். என் முகம்தான். திரும்பி அவரிடம் ஓடினேன். "சொல்லுங்க. கண்ணிலயா? வாயிலயா? இதுக்குத்தானே நான் காணிய வித்த? இதுக்குத்தானே?"

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "கண்ணாடியப் பாக்காத புள்ள," என்றார். "பாக்கத் தொடங்கினா உன்ட முகம் மாறிப் போகுது. தேடுற முகமாப் போகுது. நீ ஒண்டும் நினைக்காம நிமிரக்குள்ளதான் அவள் வாறாள்."

அன்றைக்குத்தான் மையவாடிக் கதையைச் சொன்னார். "ஒரு கீறல் இல்ல. நித்திரை மாதிரித்தான். தலையில மண் இருந்திச்சி, நான்தான் தட்டிவிட்ட." சொல்லிவிட்டு அழுதார். முகம் கழுவப் போகவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவர்மேல் பொறாமையும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். அவளைக் கடைசியாகப் பார்த்தவரும் அவர்தான், இப்போது பார்க்கிறவரும் அவர்தான். கத்திக்குக் கொடுத்தது என் முகம்.

இப்போது பகல் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வருகிறார். சாப்பிட்டுவிட்டு மெஷினுக்கு எதிரில் கதிரையைப் போட்டு உட்காருவார். நான் தைத்துக்கொண்டிருப்பேன். வேண்டுமென்று நிமிர்ந்தால் அவள் வருவதில்லை என்று எனக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே வேலையில் மனதை வைக்கிறேன். கை, கழுத்து, ஓரம் என்று தைத்துப் போகிறேன். எப்போதாவது நூல் அறும், நிமிர்வேன். எனக்குத் தெரிவது எதிரில் இருக்கிற மனிசனுடைய முகம் மட்டும்தான். அதைப் பார்த்துத்தான் அவள் வந்திருக்கிறாளா இல்லையா என்று நான் தெரிந்துகொள்கிறேன்.